மூன்று லட்சத்தில் குழந்தை உடை பிராண்டு: இரண்டாவது லாட்டை நினைத்து முதல் லாட்டைப் போடுங்கள்

கோவையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். மூன்று வயது மகளுக்கு உறுத்தாத பருத்தி டி-ஷர்ட் தேடிச் சலித்துப்போய், தானே சிறிய அளவில் ஒரு குழந்தை உடை பிராண்டு தொடங்க நினைக்கிறார். கையில் மூன்று லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. ஐந்து டிசைன், நான்கு நிறம், ஆறு அளவு என்று பட்டியலும் தயார். திருப்பூர் ஒரு மணி நேரப் பயணம். எங்கே தொடங்குவது, எப்படி வளர்ப்பது என்பது அவர் கேள்வி.

திருப்பூரில் பதினெட்டு வருடம் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக வேலை பார்த்தேன். இப்போது குழந்தைகள் உடையில் சொந்தமாக ஒரு சிறு பெயரை நடத்திவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் பட்டியலைப் பார்ப்போம். ஐந்து டிசைனை நான்கு நிறத்தால் பெருக்கி, அதை ஆறு அளவால் பெருக்கினால் 120 வகை வருகிறது. ஆயிரம் பீஸ் போட்டாலும் ஒரு வகைக்கு எட்டுதான். விற்பனை தொடங்கிய இரண்டாம் வாரமே எல்லோரும் கேட்கிற நிறத்தில் எல்லோரும் கேட்கிற அளவு தீர்ந்துவிடும். வாங்க வந்தவர் அளவு இல்லையென்று திரும்பிப் போவார். விற்காத நிறமும் விற்காத அளவும் பீரோவில் உட்கார்ந்துகொண்டு உங்கள் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும். புதிதாகத் தொடங்கி இரண்டு வருடத்துக்குள் மூடியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோரின் துணி நன்றாகத்தான் இருந்தது. அவர்களிடம் சரக்கு இருந்தது, கேட்ட சரக்கு இல்லை, அதைத் திரும்பப் போடப் பணமும் இல்லை.

ஆகவே முதல் லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் தைத்து எடுக்கிற முதல் தொகுதிக்கு, ஒரே ஓர் உடுப்பு போதும். வட்டக் கழுத்து, அரைக்கை டி-ஷர்ட் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று நிறம், ஐந்து அளவு, மொத்தம் 15 வகை. 600 பீஸ் போட்டால் ஒரு நிறத்துக்கு 200. அளவுகளைச் சமமாகப் பிரிக்க வேண்டாம். ஒன்றுக்கு இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்ற விகிதத்தில் வெட்டச் சொல்லுங்கள். சின்ன அளவில் 25, நடு அளவுகள் மூன்றிலும் ஐம்பது ஐம்பது, பெரிய அளவில் 25 என்று வரும். இதைச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். ஒரே சட்டையை வைத்துக்கொண்டு பிராண்டா என்கிறார்கள். திருப்பூரிலேயே 1983-இல் கே.ஆர்.நாகராஜன் தன் தந்தை ராமசாமியின் பெயரையும் தன் பெயரையும் இணைத்து ராம்ராஜ் என்று தொடங்கியபோது அவர் கையில் இருந்தது வேட்டி. சட்டையும் பனியனும் பிறகு வந்தவை. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் கண்ணில் நிற்பது வெள்ளை வேட்டிதான்.

இப்போது துணி. உங்களுக்கு வேண்டியது பின்னலாடைத் துணி, அதாவது கிலோ கணக்கில் விற்கும் துணி. குழந்தை டி-ஷர்ட்டுக்கு 30-ஆம் நம்பர் கோம்டு நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி, 160 முதல் 180 ஜிஎஸ்எம், பயோவாஷ் செய்தது நன்றாக இருக்கும். கோம்டு என்றால் குட்டை இழைகளைச் சீவி நீக்கிய நூல், சிங்கிள் ஜெர்சி என்றால் ஒற்றைப் பின்னல். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். பயோவாஷ் என்றால் துணியின் மேல் பிசிறை நொதியால் நீக்குவது. கைக்குழந்தைக்கு என்றால் இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னல் இன்னும் மிருதுவாக இருக்கும். கடைக்காரர் 180 ஜிஎஸ்எம் என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜிஎஸ்எம் கட்டர் என்று கைக்குள் அடங்கும் ஒரு வட்டக் கருவி இருக்கிறது. துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வட்டத்தை வெட்டிக் கொடுக்கும். அந்த வட்டம் தராசில் 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம். 1.6 காட்டினால் நீங்கள் வாங்குவது 160. ரோலின் இரண்டு மூன்று இடங்களில் வெட்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜிஎஸ்எம்மைவிட எனக்குப் பெரிய கவலை சுருக்கம். சொந்தமாகத் தொடங்கிய முதல் வருடம் மெரூன் நிறத்தில் 400 பீஸ் போட்டேன். தீபாவளி நெருக்கடி, தைக்கும் யூனிட்டில் இடம் கிடைத்த நேரம், துணியைத் துவைத்துப் பார்க்காமல் கட்டிங்குக்கு அனுப்பிவிட்டேன். காம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்தும் வேலை, சரியாகச் செய்யாத துணி அது. மூன்று வாரம் கழித்து ஒரு தாய் புகைப்படம் அனுப்பினார். சட்டையைத் தரையில் விரித்து, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்திருந்தார். 46 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டிய சட்டை 41 சென்டிமீட்டராகியிருந்தது. பக்கத் தையல் வேறு முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வந்திருந்தது. அவர் திட்டவில்லை, "பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்த சட்டை" என்று மட்டும் எழுதியிருந்தார். நாலு நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. விற்றது போக மீதமிருந்ததைக் கிலோ கணக்கில் தள்ளிவிட்டேன். வாங்கியவர்கள் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு எடுத்து, 50 சென்டிமீட்டர் சதுரம் அளந்து, நான்கு மூலையிலும் வேறு நிற நூலால் குறி தைப்பேன். நம் வீடுகளில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே, வாஷிங் மெஷினில் ஒரு முறை, கையால் கும்மி ஒரு முறை, மறுபடி மெஷினில் ஒரு முறை துவைத்து வெயிலில் காயவைத்து அளப்பேன். 50 என்பது 47.5 ஆகியிருந்தால் 5 சதவீதம். அதற்குள் இருந்தால் எடுத்துக்கொண்டு, அந்தச் சுருக்கத்தைப் பேட்டர்னில், அதாவது துணியை வெட்டும் அளவு மாதிரியில், கூட்டி வெட்டச் சொல்வேன். அதற்கு மேல் போனால் துணி திரும்பிப் போகும். அதே துண்டோடு ஒரு வெள்ளைக் கைக்குட்டையையும் போட்டுத் துவையுங்கள், சாயம் இறங்கினால் அதில் தெரிந்துவிடும். இரண்டு நாள் வேலைதான்.

சாயம் என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணையையும் கீழே இருந்த விவசாயத்தையும் கெடுத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் அவை திறந்தன. அந்தச் சுத்திகரிப்புக்குச் செலவு உண்டு, அது துணி விலையில் இருக்கிறது. யாராவது மிக மலிவாகச் சாயம் போட்டுத் தருகிறேன் என்றால் எங்கே போடுகிறார்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். குழந்தை உடலில் படுகிற துணி விற்பவருக்கு இதைக் கேட்கும் கடமை இருக்கிறது.

"ஆர்கானிக்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நூலுக்குச் சான்றிதழ் இருப்பதால் மட்டும் உங்கள் சட்டையில் காட்ஸ் (GOTS) என்ற ஆர்கானிக் துணிச் சான்று முத்திரையைப் போட முடியாது. பின்னுகிற இடம், சாயம் போடுகிற இடம், தைக்கிற இடம் எல்லாமே சான்று பெற்றிருக்க வேண்டும். முதல் லாட்டுக்கு அது எட்டாது. "நூறு சதவீதம் பருத்தி" என்று உண்மையாகச் சொல்ல முடிந்தாலே போதும். கழுத்துக்கும் பட்டிக்கும் வாங்குகிற, இழுத்தால் விரியும் ரிப் துணியில் லைக்ரா என்ற இழுவை நூல் கலந்திருந்தால் லேபிளில் அதையும் சொல்லுங்கள்.

காதர்பேட்டையைப் பற்றியும் கேட்பீர்கள். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தச் சந்தையில் ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு, தைத்து முடித்த நல்ல டி-ஷர்ட், நீங்கள் தைக்கிற செலவில் பாதிக்குக் கூடக் கிடைக்கும். அதை வாங்கி லேபிள் மாற்றி விற்றால் என்ன என்று தோன்றும். அது நேர்மையான வியாபாரம்தான், அதை நன்றாகச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அடுத்த மாதம் அதே சட்டை அங்கே இருக்காது. உங்களிடம் வாங்கிய தாய், ஆறு மாதம் கழித்து "அதே சட்டை, ஓர் அளவு பெரியது" என்று கேட்பார். அதைக் கொடுக்க முடிந்தால்தான் உங்கள் பெயர் அவர் மனதில் நிற்கும். நான் பிராண்டு என்று சொல்வது இதைத்தான். முதல் லாட்டில் நீங்கள் செய்கிற ஒவ்வொரு முடிவையும், இதே துணியை, இதே நிறத்தை, இதே தையலை மூன்று மாதம் கழித்து மறுபடி வாங்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நிறத்தைக் கூட, துணிக்கடை எப்போதும் ஸ்டாக் வைத்திருக்கும் நிறங்களிலிருந்தே எடுங்கள். நீங்களே ஒரு நிறம் உண்டாக்கிச் சாயம் போடக் கொடுத்தால் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று சொல்வார்கள், அது உங்கள் 600 பீஸுக்குத் தேவையான துணியைத் தாண்டிவிடும்.

அடுத்தது பேட்டர்ன். இதில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். குழந்தை உடை என்பது பெரியவர் உடையைச் சுருக்கியது கிடையாது. இரண்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவே ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் இருக்கும். கழுத்து ரிப் இழுத்தால் 50-ஐத் தாண்டி விரிய வேண்டும், விட்டால் பழையபடி ஒட்டி நிற்க வேண்டும். விரியாவிட்டால் சட்டை மாட்டும்போது காது மடங்கிக் குழந்தை அழும். அந்தச் சட்டையை மறுநாள் யாரும் எடுக்க மாட்டார்கள். நல்ல பேட்டர்ன் மாஸ்டரிடம் ஐந்து அளவுக்கும் கிரேடிங் போட்டு, அதாவது ஒரே பேட்டர்னை அளவுக்கு அளவு மாற்றி வரைந்து, வாங்கி, ஒவ்வோர் அளவிலும் சாம்பிள் தைத்து, தெரிந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டு ஒரு வாரம் விளையாட விடுங்கள். பிறகு அந்தத் தாய்மாரிடம் கேளுங்கள். பின்கழுத்து லேபிள் குத்துகிறது என்பார்கள், அச்சடித்த லேபிளுக்கு மாறுங்கள். கழுத்தில் நாடா, கயிறு எதுவும் வேண்டாம், எங்காவது மாட்டி இறுக்கிவிடும். தோள் பட்டன் வைத்தால் பிடுங்கிப் பார்த்து வராததாக வையுங்கள்.

தைப்பதற்குப் பெரிய கம்பெனிகள் உங்கள் 600 பீஸை எடுக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து மெஷின் வைத்து, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டைப் பிடியுங்கள். ஓரங்களை இணைக்கும் ஓவர்லாக், மடிப்புத் தைக்கும் பிளாட்லாக் மெஷின் இரண்டும் இருக்கிறதா, செக்கிங்குக்குத் தனி ஆள் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, உங்கள் பீஸ் மூலையில் கிடக்கும். ஏற்றுமதி ஆர்டர் குறைந்திருக்கும் மாதத்தில் போனால் நிதானமாகத் தைத்துக் கொடுப்பார்கள். இன்னொன்று, திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். உங்கள் பாக்கியை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். பெரிய கம்பெனிகள் மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் ஊரில், சொன்ன நாளில் பணம் தருகிற சிறு ஆளின் வேலை தானாக முன்னுக்கு வரும். அந்தப் பணம் டெய்லரின் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பதும் மனதில் இருக்கட்டும். பொள்ளாச்சியின் எத்திகஸ் பிராண்டு தன் கைத்தறித் துணிகளோடு நெய்தவரின் பெயரையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பெயர் வாங்கியது. உங்கள் உடுப்பைத் தைத்தவரின் பெயர் உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இனி கணக்கு. விலை இடத்துக்கு இடம் மாறும், ஓர் உதாரணத்துக்குப் போடுகிறேன். துணி கிலோ 450 ரூபாய் என்றால், நாலைந்து வயது அளவுக்கு வெட்டுக் கழிவோடு சேர்த்து 130 கிராம், 58 ரூபாய். தையல் 35, பிரிண்ட் 20, லேபிளும் கவரும் 12, செக்கிங், அயர்னிங் 5. ஆக 130. கழிகிற பீஸுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 137 ரூபாய். இதை 299-க்கு விற்கலாம், இருமடங்குக்கு மேல் வருகிறதே என்று தோன்றும். வாருங்கள், பார்ப்போம். 299-இல் ஜிஎஸ்டி போக உங்களுக்கு நிற்பது 285. கூரியர் 70, பணம் செலுத்தும் சேவைக் கட்டணம் 6, ஓர் ஆர்டர் கிடைக்க விளம்பரச் செலவு 80, திரும்பி வருகிறவற்றுக்காக 25. மொத்தம் 181. அதோடு 137 சேர்ந்தால் 318. ஒவ்வொரு சட்டைக்கும் 33 ரூபாய் கையை விட்டுப் போகிறது. விற்க விற்க நஷ்டம்.

அதே சட்டையை 399-க்கு விற்றால் வரி போக 380, செலவெல்லாம் போக 60 ரூபாய் மிஞ்சும். இரண்டு சட்டையை ஒரு செட்டாக 798-க்கு விற்றால்? வரி போக 760. சட்டைகளுக்கு 274, கூரியர் அதே 70, விளம்பரம் அதே 80, சேவைக் கட்டணம் 16, திரும்புவதற்கு 40. மிஞ்சுவது 280 ரூபாய். ஒரு சட்டையில் 60, இரண்டில் 280. இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒரு முறை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். இரண்டாவது முறை வாங்க வருகிறவரிடம் விளம்பரச் செலவும் இல்லை என்பதால் அவரால் கிடைப்பது இன்னும் அதிகம்.

பார்சல் பெட்டியிலும் பணம் ஒளிந்திருக்கிறது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருவது அதிகமானால் அதற்கே பணம் வாங்குவார்கள். 30-க்கு 25-க்கு 10 என்ற அழகான அட்டைப்பெட்டி ஒன்றரைக் கிலோவாகக் கணக்காகும். உள்ளே இருப்பது கால் கிலோ கூட இல்லை. தட்டையான கூரியர் கவரில் மடித்து வைத்தால் அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் தரும் முறையை முதல் ஆறு மாதமாவது தவிர்க்கப் பாருங்கள். கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பார்சலுக்கும் போக்குவரத்துக் கூலி இரு பக்கமும் உங்கள் தலையில்தான்.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்று சொல்வார்கள். ஆனால் வெளிமாநிலத்துக்கு ஒரே ஒரு சட்டை அனுப்பினாலும் பதிவு கட்டாயம். இணையத்தில் விற்கப்போகிறீர்கள், ஆகவே முதலிலேயே எடுத்துவிடுங்கள். துணிக்குக் கட்டிய வரியும் கழிந்துவரும். 2025 செப்டம்பர் 22 முதல் உடைக்கு ஜிஎஸ்டி, ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். கவரின் மேல் உங்கள் பெயர், முகவரி, அளவு, மாதம், ஆண்டு, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, தொடர்பு எண் இருக்க வேண்டும். பிராண்டுப் பெயருக்கு வர்த்தகச் சின்னத்தில் உடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவானால் பத்து ஆண்டு செல்லும். லேபிள் அடிக்கும் முன்பே வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே ஒலியுள்ள பெயர் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். "காட்டன் கிட்ஸ்" போல பொருளை மட்டும் சொல்லும் பெயர்களுக்கு உரிமை கிடைப்பது கடினம். நம் மொழியில் குழந்தையைக் கொஞ்சும் சொற்களுக்கா பஞ்சம்?

உங்கள் மூன்று லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். 600 பீஸுக்கு 82 ஆயிரம். பேட்டர்ன், சாம்பிளுக்கு 15 ஆயிரம். புகைப்படத்துக்கு 15 ஆயிரம், ஒரு நல்ல நாள் காலை வெளிச்சத்தில் குழந்தைகள் ஓடியாடும்போது எடுங்கள். வர்த்தகச் சின்னத்துக்கு 4,500. விளம்பரத்துக்கு 40 ஆயிரம், அதையும் வாரத்துக்குக் கொஞ்சமாக. ஒரு லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத் தொடாதீர்கள், அது இரண்டாவது லாட்டுக்கு. மீதி நாற்பத்துச் சொச்சம் ஆயிரம் இணையதளம், கவர், போக்குவரத்து, எதிர்பாராத செலவு. முதல் லாட்டுக்குக் கடன் வாங்க வேண்டாம். எந்த அளவு எவ்வளவு விற்றது என்ற கணக்கு கைக்கு வந்தபிறகு, தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் ஐந்து லட்சம் வரை பிணையில்லாமல் கேட்கலாம். வங்கி மேலாளரிடமும் அந்தக் கணக்கைக் காட்டித்தான் பேச வேண்டும்.

வளர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். ஒரு நிறத்தில் நடு அளவுகளின் கையிருப்பு, போட்டதில் மூன்றில் ஒரு பங்காக இறங்கியதும் அடுத்த லாட்டுக்குத் துணி சொல்லிவிடுங்கள். தீர்ந்தபிறகு சொன்னால் ஐந்தாறு வாரம் கடை காலி. புதுத் துணி வந்ததும் பழைய சட்டை ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்து ஷேடு பாருங்கள். பழைய சாம்பிள்களை ஒரு பெட்டியில் பூட்டி வையுங்கள், அவைதான் உங்கள் அளவுகோல். இரண்டாவது லாட்டும் முதல் லாட்டைப் போலவே வந்தபிறகு இரண்டாவது பொருளுக்குப் போகலாம். அதே குழந்தைக்கு அதே துணியில் ஒரு அரைக்கால் சட்டை. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி என்று யாராவது கேட்டால் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். பெரியவர் அளவுகள் நுழைந்தால் சரக்கு மறுபடி 120 வகையாகிவிடும்.

கடைகளுக்குக் கொடுப்பதானால் விற்றபிறகு பணம் என்ற பேச்சில் ஒரு கடைக்கு, எல்லா அளவும் சேர்ந்தது ஒரு செட் என்ற கணக்கில், இரண்டு செட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். பில் போட்டு, நாள் குறித்து, கையெழுத்து வாங்குங்கள். நான் அப்படி வாங்காமல் கொடுத்த 60 பீஸ் இன்றுவரை திரும்பவில்லை.

குழந்தை உடையில் வேறெந்த உடையிலும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வாடிக்கையாளர் வளர்ந்துகொண்டே இருப்பார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார், எந்த அளவு, எந்த மாதம் வாங்கினார் என்று எழுதி வையுங்கள். ஒன்பது பத்து மாதம் கழித்து, "பாப்பா வளர்ந்திருப்பாள், அடுத்த அளவு வந்திருக்கிறது" என்று அவருக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். எனக்கு வரும் ஆர்டர்களில் பாதிக்கு மேல் இப்போது அந்த நோட்டிலிருந்துதான் வருகின்றன. மெரூன் சட்டைக்குப் படம் அனுப்பிய அந்தத் தாயும் அதில் இருக்கிறார். அவர் மகள் இப்போது ஒன்பது பத்து வயது அளவு.

திருப்பூருக்கு வரும் நாளில் உங்கள் மகளின் சட்டைகளில் அதிகம் துவைத்த, அவள் தானாகத் தேடி எடுக்கிற சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். துணிக்கடையில் பேச்சை அதிலிருந்து தொடங்கலாம்.